அடுப்புக்கும் பெஞ்சுக்கும் நடுவே

சைதூன் பீவிக்கு நான் முந்நூற்றைம்பது ரூபாய் கடன்பட்டிருந்தேன்.

முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். தென்காசிக்கு வந்து பழமண்டி ஆதித்தன் என்று கேட்டுப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவள்கூடக் கையை நீட்டி வழி சொல்லுவாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தலையில் பலாப்பழம் சுமந்து இந்தக் கழுத்து தேய்ந்தது. இன்றைக்கு இரண்டு குடோன், மூன்று லாரி, கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழுகிற உயரத்தில் ஒரு வீடு. குற்றாலம் சீசனில் நீங்கள் ஆசை ஆசையாக வாங்கித் தின்கிறீர்களே மங்குஸ்தான், அதில் பாதி என் மண்டிக்குள் நுழைந்து வெளியே வந்ததுதான். பேங்க் மேனேஜர் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். உலகத்தில் ஒருத்தனுக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைத்தவனில்லை நான், சைதூன் பீவி ஒருத்தியைத் தவிர.

அவள் கதையைத்தான் எழுதப் போகிறேன். அதற்கு முதலில் அவள் இருந்த இடத்தைச் சொல்லணும்.

செங்கோட்டையைத் தாண்டி, புளியரை போகிற ரோட்டில் இருந்து பிரிந்து, தென்னந்தோப்புக்குள் ஒரு வண்டிப்பாதை போகும். அது முடிகிற இடத்தில் ஆறு வளைகிறது. வளைவுக்குள் தரை நீண்டுபோய், தண்ணீர் குடிக்கக் குனிந்த எருமையின் முகம் மாதிரி ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். மூன்று பக்கமும் ஆறு. அதை நாங்கள் மூக்கு என்போம். அக்கரை முழுக்கக் கேரளா, இக்கரை தமிழ்நாடு. அப்படியானால் மூக்கு முழுசும் நம்மோடுதானே சேரணும்? அதுதான் இல்லை. மூக்கின் நடுவில் ஒரு எல்லைக்கல் நின்றது. ஐம்பத்தாறில் செங்கோட்டை நம் பக்கம் வந்தபோது நட்டது. கல்லுக்குக் கிழக்கே தமிழ்நாடு, கல்லுக்கு மேற்கே நுனி வரைக்கும் கேரளா. அப்படித்தான் எங்கள் எல்லாருடைய எண்ணமும். ஆற்றில் கால் நனையாமலே அடுத்த மாநிலத்துக்குப் போகலாம்.

சாரல் காலத்தில் அங்கே போய் நிற்கணும். மலை இருக்காது. அக்கரை இருக்காது. தூறல் மேலே இருந்து விழுகிறதா, ஆற்றில் இருந்து கிளம்புகிறதா என்று தெரியாது. வெள்ளை வெளேரென்று ஒரு புகை நடந்து வந்து நம்மைத் தொட்டுவிட்டு, நமக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். கல் மட்டும் நனைந்து கறுத்து நிற்கும். எந்த ஊரிலும் இல்லாத மாதிரி, யாருக்கும் பிள்ளையாகப் பிறக்காத மாதிரி ஒரு லேசு வரும் உடம்புக்கு. நான் சுமையை இறக்கி வைத்துவிட்டு அந்த ஈரத்தில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறேன்.

மூக்குக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. கல் நட்ட புதிதில் சில பேர் கல்லுக்கு இந்தப் பக்கம் கடன் வாங்கிவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, “இது வேற ஸ்டேட்டு, இப்பக் கேளு பாப்போம்” என்றார்களாம். இந்தப் பக்கத்துப் போலீஸ் அந்தப் பக்கம் வராது. அடிதடி ஆகி, மண்டை உடைந்து, கடைசியில் இரண்டு கரைக்காரர்களும் கல்லைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடித்தார்கள். கல்லுக்கு எந்தப் பக்கம் நின்று வாங்கினாயோ, கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் அந்தப் பக்கம் நின்றுதான் தீர்க்கணும். பக்கம் மாறிக் கொடுத்தால் கடன் கழியாது. சும்மா கொடுத்ததாகப் போய்விடும். இன்றைக்கும் எங்கள் ஆட்கள் ஒரு பீடிக்கட்டுக் காசைக்கூட மூக்கில் பக்கம் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

சைதூன் பீவி வாக்கப்பட்டு வந்தது மூக்கின் நுனிக்கு. அவள் புருஷன் மூங்கில் தெப்பம் கட்டி அக்கரை ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர். மலைக்காய்ச்சலில் போய்விட்டார். கைக்குழந்தை ஜாஹிராவைத் தூளியில் போட்டுவிட்டு, மூன்று கல்லைக் கூட்டி, ஒரு கெண்டியை வைத்தாள். அதுதான் டீக்கடை. சுக்கு தட்டிப் போட்ட டீ, அவித்த மரச்சீனிக் கிழங்கு, காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையல். அந்தச் சம்மந்தியைத் தொட்டு நாக்கில் வைத்தால் மழையில் நனைந்தவனுக்கும் காது வேர்க்கும். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். அவர்கள் வீட்டு வழக்கப்படி அக்காவை ராத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கடை நடக்கும்போது உட்கார மாட்டாள். அதுவும் ஆட்கள் உட்காருகிற பெஞ்சில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. “நான் இருந்துட்டேன்னா அடுப்பும் இருந்துரும்லே” என்பாள்.

அப்போது எனக்கு மீசை முளைத்த வயது. அக்கரைத் தோட்டங்களில் இருந்து வேறொரு வியாபாரிக்காகப் பழம் சுமந்து வருவேன். கூலி வயிற்றுக்குக் காணாது. ஒரு நாள் அக்கரைத் தோட்டக்காரர் இரண்டு பலாமரத்தைக் காட்டி, முந்நூற்றைம்பது கொடுத்தால் இந்த வருஷக் காய் முழுக்க உனக்கு என்றார். செங்கோட்டையில் நான் கேட்காத ஆள் இல்லை. சுமைகூலிக்காரனுக்கு யார் கொடுப்பான்? திரும்பி வந்து நுனியில் உட்கார்ந்தேன்.

“ஏலே, என்ன சுண்டிப்போயி இருக்க? டீ ஆறுது.”

“ரெண்டு மரம் கைவிட்டுப் போவுது ராத்தா.”

“எவ்வளவு கேக்கான்?”

“முந்நூத்தம்பது.”

“மரத்தப் பாத்தியா?”

“உச்சிக்கு ஏறியே பாத்தேன். கிளைக்குக் கிளை பிஞ்சு. காக்கா இருக்க இடமில்ல.”

அவள் என் கண்ணைப் பார்த்தாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஒரு தகர டப்பாவை எடுத்தாள். எல்லாம் பத்து ரூபாய்த் தாள். ஈரமாக, சுக்கு மணத்தோடு இருந்தன.

“எண்ணிக்க. பொறவு கொறையுதுன்னு வந்து நிக்காத.”

“வட்டி எவ்வளவு ராத்தா?”

“வாயக் கழுவுலே. வட்டி எங்களுக்கு ஹராம். குடுத்தது வந்தாப் போதும். ஒத்தப் பைசா கூடுதலா வந்தாலும் ஆத்துல விட்டெறிஞ்சிருவேன்.”

அந்த இரண்டு மரத்தில்தான் ஆதித்தன் ஆரம்பித்தான். கொடுத்தது அவள், ஓடியது நான். ஒரு பழத்தைக்கூட அழுகவிடவில்லை. குற்றாலத்தில் அருவிக்கு எதிரே சாக்கை விரித்து, சுளை சுளையாக எடுத்து வாழையிலையில் வைத்து விற்றேன். முழுப் பழம் விற்கிறவன் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, நான் சுளை விற்றுச் சாக்கை உதறிக் கிளம்பினேன். அந்த மூளை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் கொடுத்ததில்லை.

சீசன் முடிந்ததும் பணத்தை எடுத்துக்கொண்டு நுனிக்குப் போனேன். அவள் வாங்கவில்லை. “இங்க வச்சாக் கரையான் திங்கும். உங்கிட்ட கெடந்தா பேங்குல கெடக்க மாதிரி. ஜாஹிரா கல்யாணத்துக்குக் கேப்பேன், தா” என்றாள். எனக்கு ஒரே பெருமை. ஊரே நம்பாதவனை ஒருத்தி பேங்க் என்கிறாளே.

அப்புறம் தொண்ணூற்றிரண்டு வெள்ளம் வந்தது. விடிந்து பார்த்தால் நுனியில் குடிசை இல்லை. தெப்பம் கட்டின மரம் இல்லை. எல்லைக்கல்லும் இல்லை. ஆறு மூக்கின் நுனியை அறுத்து, நடுவில் ஒரு வாய்க்கால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. தாயும் மகளும் தென்னந்தோப்பில் நின்றார்கள். நான் பணத்தோடு ஓடினேன்.

“ராத்தா, இந்தா பிடி.”

அவள் கையை நீட்டவில்லை. “எங்கன வாங்கின?”

“நுனியில.”

“இப்ப எங்கன நிக்கோம்?”

நான் தென்னந்தோப்பைச் சுற்றிப் பார்த்தேன்.

“கேரளாவுல வாங்கினத தமிழ்நாட்டுல குடுத்தாக் கடன் கழியாது. எல்லாம் போனவளுக்குப் பிச்ச போட்டதா ஆவும். மடக்கிப் பையில வைலே.”

கல் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் கிழக்கே, மேட்டில், புதிதாகக் கடை போட்டாள். ஒரு மண் அடுப்பு, அதற்கு எதிரே ஒரு நீளப் பெஞ்சு. நான் ஒரு வண்டி ஓலை அனுப்பினேன். அதற்குக் கணக்குப் போட்டு, ஒரு வருஷம் என் டிரைவர்களுக்குக் காசில்லாமல் டீ கொடுத்தாள். ஜாஹிரா கல்யாணத்துக்கு நான் பீரோ வாங்கிக்கொண்டு போனேன், சிரித்துக்கொண்டே வாங்கினாள். கூடவே கடனை நீட்டினேன். “மொய் வேற, கடன் வேற. நுனிக்கு வந்து குடு” என்றாள். கோடையில் வாய்க்கால் வற்றும்போது போய், வா ராத்தா நுனிக்குப் போவோம் என்று கூப்பிடுவேன். முட்டி வலிக்கிறது என்பாள், கடையில் ஆள் இருக்கிறது என்பாள், பாறை வழுக்கும் என்பாள்.

எனக்கு மெல்லத்தான் புரிந்தது. அவளுக்கு அந்தக் கடனை விட மனசில்லை. குளிக்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள்: “தென்காசியிலயே பெரிய பழமண்டி முதலாளி எனக்குக் கடன்காரன், தெரியுமா?” நான் காரில் போய் இறங்கினால் பெஞ்சில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். “கடன்காரர் வந்துட்டாரு, பெஞ்சத் தொடைங்க” என்பாள்.

என் லாரி டிரைவர் நாறும்பூநாதனுக்கு அதில் ஒரே குஷி. “அண்ணாச்சி, நாம எத்தன பேருக்குக் கடன் குடுத்திருக்கோம். ஒருத்தி வாசல்ல மட்டும் நமக்கு இந்த மரியாத.”

“ஓட்டுலே வண்டிய.”

மற்றவனாக இருந்தால் விட்டுவிடுவான். என்னால் முடியாது. என் பேருக்குப் பக்கத்தில் அந்த ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டே இருந்தது. வருஷக்கணக்காக மூன்று நூறு ரூபாய்த் தாளும் ஓர் ஐம்பதும் என் சட்டைப் பைக்குள் தனியாக இருந்தன. சட்டை மாற்றும்போது என் வீட்டுக்காரி மறக்காமல் எடுத்துப் புதுச் சட்டையில் வைப்பாள்.

கனவு வேறு. மாடியில் ஏசி ஓடுகிற அறையில் படுத்திருப்பேன். மூக்கின் நுனியில் குடிசை அப்படியே நிற்கும். ராத்தா கையை உயரத் தூக்கி டீ ஆற்றுவாள். டீ கீழே வந்துகொண்டே இருக்கும், கிளாசைத் தொடாது. நான் பணத்தை நீட்டுவேன். எண்ண எண்ணத் தாள் எல்லாம் பலா இலையாகப் பழுத்து விழும். ஆறு அதை எடுத்துக்கொண்டு போகும். எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். ஆற்றுக்கு அக்கரையே இருக்காது.

கொரோனா வந்த வருஷம், கல் நின்ற இடம் இதுதான் என்று குத்துமதிப்பாக மூங்கில் தட்டி கட்டினார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு மலையாளப் போலீஸ்காரர், இந்தப் பக்கம் நம்ம ஆள். ராத்தா இரண்டு பேருக்கும் ஒரே கெண்டியில் டீ ஊற்றினாள். அப்போது ஒரு வேடிக்கை. பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்தால் தமிழ்நாட்டு டவர். அடுப்புப் பக்கம் போனால் கேரளா டவர். “ஒன் அடுப்பு பாஸ்போர்ட் வாங்கிருச்சு ராத்தா” என்று நான்கூடக் கிண்டல் பண்ணினேன். டவருக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டோம்.

இந்த வருஷம் வைகாசியில் இரண்டு மாநிலத்து சர்வே ஆட்களும் சேர்ந்து வந்தார்கள். மஞ்சள் முக்காலி, குடைக்குக் கீழே ஒரு கருவி. நான் பெஞ்சில் இருந்தேன். ராத்தா அடுப்பில் நின்றாள். வாய்க்கால் மணலைத் தோண்டியபோது விழுந்து கிடந்த கல் கிடைத்தது. அதோடு நாங்கள் யாரும் கண்டிராத இன்னொரு கல்லும் கிடைத்தது. அந்தக் காலத்தில் அக்கரைக்காரர் ஒருத்தருக்கு மூக்கின் நடுவில் அரிவாள் மாதிரி வளைந்து ஒரு மிளகுத் தோட்டம் இருந்ததாம். மாநிலம் பிரிக்கும்போது அந்தத் தோட்டத்தை மட்டும் வேலியோடு கேரளாவில் விட்டுவிட்டார்கள். நாங்கள் ஒரே ஒரு கல்லைப் பார்த்துவிட்டு, கோடு நேராகத்தான் போகும் என்று ஊரோடு நம்பிவிட்டோம்.

சர்வேக்காரர் சுண்ணாம்பைத் தூவிக்கொண்டே வந்தார். கோடு வளைந்து வந்து கடைக்குள் நுழைந்து, அடுப்புக்கும் பெஞ்சுக்கும் நடுவே போனது.

“அடுப்பு கேரளா. பெஞ்சு தமிழ்நாடு” என்றார்.

“அப்ப அந்த நுனி?” என்றேன்.

“அதுவும் தமிழ்நாடுதான் ஐயா. நடுவில உள்ள துண்டு மட்டுந்தான் கேரளா.”

ராத்தா கரண்டியோடு நின்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “யா அல்லா! இத்தன வருசமா கேரளாவுல டீயப் போட்டுத் தமிழ்நாட்டுக்கு ஏத்துமதி பண்ணிருக்கேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எழுந்து நின்றேன். “ராத்தா, நுனி தமிழ்நாடு. கடன் வாங்கினது தமிழ்நாட்டுல. நான் இருக்க பெஞ்சு தமிழ்நாடு. இந்தா பிடி.”

“நீ நிக்கது தமிழ்நாடு. நான் நிக்கது?”

அடுப்பு. கேரளா.

“ஒரு எட்டு இங்கன வா.”

“கட நேரத்துல நான் என்னைக்குலே பெஞ்சுக்கு வந்திருக்கேன்? போ, போயி டீயக் குடி.”

ஒரே ஒரு எட்டு. சுண்ணாம்புக் கோடு எங்கள் நடுவில் ஈரத்தில் கரைந்துகொண்டிருந்தது. வருஷக்கணக்காக நான் சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்கவே ஆத்திரமாக வந்தது.

ஆடியில் சாரல் கட்டிப் பிடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நாறும்பூநாதன் மண்டிக்கு ஓடி வந்தான்.

“அண்ணாச்சி, பாய்ம்மாவக் கூட்டிட்டுப் போவ மக கார் எடுத்துட்டு வந்திருக்கா. புனலூருக்கு. இனி வர மாட்டாவளாம். முட்டி போயிருச்சாம்.”

“ஏன்லே எங்கிட்ட முன்னயே சொல்லல?”

“உங்ககிட்டச் சொல்லாதன்னு அவுகளே சொன்னாவ.”

மாம்பழ லோடு இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். போகிற வழியெல்லாம் புகை. இலஞ்சி போனது தெரியவில்லை, செங்கோட்டை போனது தெரியவில்லை. அவள் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டால் நான் கடன்காரனாகவே சாகணும். அதே நினைப்பு.

மூக்கில் ஜாஹிராவின் கார் நின்றது. சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. ராத்தா மட்டும் அடுப்பை விட்டு நகரவில்லை. அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்ததால் ஆட்கள் கூட்டமாக மூக்குக்கு வந்துவிட்டார்கள். நடுங்கிக்கொண்டு டீ கேட்கிறவனிடம் கடை முடிந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

“உம்மா, மலையில மழ கனக்குது. ரோட்டுல மரம் விழுந்தாப் போவ முடியாது. மதி, போதும், வாங்கோ” என்றாள் ஜாஹிரா. புனலூரில் இருந்து இருந்து அவள் பேச்சில் மலையாளம் ஏறியிருந்தது.

“இந்தக் கெண்டி தீரட்டும் மக்கா.”

என்னைப் பார்த்தாள். “கடன்காரர் வந்துட்டாரு” என்றாள். பெஞ்சைத் துடைக்கச் சொல்லவில்லை.

நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கெஞ்சக்கூடாது என்று வாயைப் பூட்டிக்கொண்டேன். ஆட்கள் குடித்தார்கள், டப்பாவில் காசைப் போட்டார்கள், புகைக்குள் இறங்கிப் போனார்கள். அவர்கள் போன பிறகும் குரல் மட்டும் ஆற்றுப் பக்கம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. கெண்டி தீர்ந்தது. ராத்தா கடைசி டீயைக் கிளாசில் ஊற்றி, பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினாள். புஸ்ஸென்று எழுந்த புகை மேலே இருந்து வந்த புகையோடு சேர்ந்து போனது. நான் அந்தக் கடையில் அடுப்பு அணைந்து பார்த்ததே இல்லை.

அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்பைச் சுற்றி வந்தாள். சுண்ணாம்புக் கோடு எப்போதோ அழிந்துவிட்டது. அது இருந்த இடத்தில் ஒரு விநாடி நின்றாள். அப்புறம் ஒரு எட்டு வைத்து, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னலே இவ்வளவு பள்ளமா இருக்கு இந்தப் பெஞ்சு. இதுலயா இத்தன வருசம் இருந்த?”

“நீ நின்ன நெலையில எங்கள எங்க பாத்த?”

“ஏ ஜாஹிரா, கொஞ்சம் பொறு. ஒரு கணக்கு இருக்கு.” என் பக்கம் திரும்பினாள். “எடு.”

சட்டைப் பையில் இருந்து மூன்று நூறும் ஓர் ஐம்பதும் எடுத்தேன். கூடவே இன்னொரு பையில் இருந்து ஒரு நோட்டுக்கட்டையும் எடுத்தேன். எவ்வளவு என்று சொல்லவேண்டாம், என்னால் முடிந்தது. அவள் அந்தக் கட்டைத் தொடாமலே, “ஆறு பக்கத்துலதான் ஓடுது” என்றாள். நான் மறுபடியும் பையில் வைத்துக்கொண்டேன்.

நூறு ரூபாய்த் தாள்களைப் பார்த்துவிட்டு, “நான் இதையா குடுத்தேன்?” என்றாள்.

“பத்து ரூவாத் தாளு.”

“அப்ப?”

டப்பாவைத் திறந்தேன். அன்றைக்கு ஓடின டீக்காசு முழுக்கப் பத்து ரூபாய்த் தாளாக நனைந்து கிடந்தது. என் மூன்று நூறையும் ஐம்பதையும் அதற்குள் போட்டுவிட்டு, ஈடாகப் பத்துப் பத்தாக எடுத்தேன். சுக்கு மணம் அப்படியே இருந்தது.

“அண்ணாச்சி, சத்தமா எண்ணுங்க. நான் சாட்சி” என்றான் நாறும்பூநாதன். அவன் குரலில் கிண்டல் இல்லை.

ராத்தா கையை விரித்து நீட்டினாள். சூட்டில் தடித்துப்போன உள்ளங்கை. அதில் கோடே தெரியவில்லை. நான் ஒன்று என்று சொல்லி முதல் தாளை வைத்தேன். இரண்டு. மூன்று. லட்ச லட்சமாகக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிற கை இது. அன்றைக்கு ஒவ்வொரு தாளும் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பதினைந்துக்கு மேல் மெதுவாகத்தான் எண்ணினேன். அவளும் அவசரப்படுத்தவில்லை. தூறல் தாளின் மேல் விழுந்தது. ஆற்றின் சத்தம் கூடியும் குறைந்தும் எங்களைச் சுற்றி வந்தது. காரும் தெரியவில்லை, ஜாஹிராவும் தெரியவில்லை. வெள்ளைக்குள் அந்த உள்ளங்கை மட்டும் இருந்தது.

“முப்பத்திநாலு” என்றேன். விரல் நுனியில் கடைசித் தாள் இருந்தது.

“வைலே” என்றாள்.

வைத்தேன்.

“முப்பத்தஞ்சு” என்று எனக்கு முன்னால் அவள் சொன்னாள்.